செக் என்ஜின் விளக்கும் மலிவு விலை ரீடரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேஷ்போர்டில் மஞ்சள் நிற என்ஜின் படம் எரிந்தால், “ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டும்” என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். அந்த வேலையின் முதல் பகுதியை, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் அல்லது வைஃபை ரீடரையும் கைபேசியையும் வைத்துக் கார் உரிமையாளரே செய்துகொள்ள முடியும். அந்த ரீடரை வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், வாங்கிய பின் திரையில் தெரிவதைப் புரிந்துகொள்ள முயல்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். வசதிக்காக, கைபேசியோடு இணையும் சிறிய கருவியை ரீடர் என்றும், ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் பெரிய கருவியை ஸ்கேனர் என்றும் குறிப்பிடுகிறேன்.

இந்த ரீடர் உண்மையில் என்ன செய்கிறது?

காரின் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ, சென்சார்கள் அனுப்பும் மதிப்புகளை இடைவிடாமல் கவனித்து, அவை எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லாதபோது ஒரு பழுதுக் குறியீட்டைத் தன் நினைவகத்தில் பதிந்து வைக்கிறது. ரீடருக்கென்று சொந்தமாக எந்த அறிவும் இல்லை. கைபேசிச் செயலி கேட்கும் கேள்வியைக் காரின் மொழிக்கு மாற்றி அனுப்பி, வரும் பதிலைச் செயலிக்குத் திருப்பிக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை.

அந்த உரையாடலை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் ரீடரின் மேல் இருக்கும் மலைப்பு போய்விடும். என்ஜின் குளிர்நீரின் வெப்பநிலையைத் தெரிந்துகொள்ளச் செயலி “01 05” என்று அனுப்புகிறது. 01 என்பது ‘இப்போதைய மதிப்பைக் கொடு’ என்ற கட்டளை, 05 என்பது குளிர்நீர் வெப்பநிலைக்கான எண். ஈசியூ “41 05 82” என்று பதில் தருகிறது. கடைசியில் உள்ள 82 பதினாறின் அடிமானத்தில் எழுதப்பட்ட எண் என்பதால், அதன் மதிப்பு 8 × 16 + 2, அதாவது 130. அதிலிருந்து 40-ஐக் கழிக்க வேண்டும் என்பது விதி. விடை 90 டிகிரி செல்சியஸ். திரையில் முள் நகரும் அழகான மீட்டர்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் இவ்வளவுதான் நடக்கிறது.

என் காரில் இது வேலை செய்யுமா?

இந்த ரீடர்கள் ஓபிடி 2 என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றும் கார்களுக்கானவை. அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டிலிருந்து இந்தத் தரம் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் வந்தது. இந்தியாவில் பிஎஸ் 4 எனப்படும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் கீழ் 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன. ஆகவே 2013-க்குப் பிந்தைய கார் என்றால் பெரும்பாலும் தயங்காமல் வாங்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 கார் என்றால் சந்தேகமே வேண்டாம்.

அதற்கு முந்தைய கார்களில் பதினாறு முனைகள் கொண்ட அதே இணைப்பு இருந்தாலும், உள்ளே நிறுவனத்தின் சொந்த மொழி ஓடிக்கொண்டிருக்கலாம். இணைப்பின் வடிவம் பொருந்துவதை வைத்து மட்டும் முடிவு செய்துவிட வேண்டாம். அதே மாடல் கார் வைத்திருக்கும் ஒருவரிடம் ரீடரைக் கேட்டு வாங்கி ஒருமுறை செருகிப் பார்ப்பதே நல்லது.

இருசக்கர வாகனங்களில் இந்தப் பதினாறு முனை இணைப்பு பொதுவாக இருக்காது. புதிய பைக்குகள் பலவற்றில் ஆறு முனை இணைப்பு வருகிறது. அதற்குத் தனி மாற்றுக் கம்பி வேண்டும்.

இணைப்பு காரில் எங்கே இருக்கும்?

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தால் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டின் அடிப்பகுதியில் இருக்கும். சில கார்களில் ஃப்யூஸ் பெட்டியின் மூடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருப்பதால் தலைகீழாகச் செருக முடியாது; அழுத்தித் திணிக்க வேண்டிய நிலை வந்தால் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

ப்ளூடூத் வாங்குவதா, வைஃபை வாங்குவதா?

ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்பவர்களுக்குச் சாதாரண ப்ளூடூத் ரீடர் போதும். ஐஃபோனில் அந்தப் பழைய வகை ப்ளூடூத் ரீடர்கள் இணையாது. அதற்கு வைஃபை ரீடரோ, குறைந்த மின்செலவு ப்ளூடூத் எனப்படும் பிஎல்இ வகை ரீடரோ வேண்டும். ஐஃபோன் உள்ளவர்கள் வாங்கும் முன் விற்பனைப் பக்கத்தில் இதை மட்டும் கவனமாகப் படித்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

வைஃபை ரீடரில் ஒரு சங்கடம் உண்டு. கைபேசி ரீடரின் வைஃபையில் இணைந்திருக்கும் வரை அந்த வழியாக இணையம் கிடைக்காது. “இந்த நெட்வொர்க்கில் இணையம் இல்லை” என்று கைபேசி தானாகவே விலகிப் போவதும் நடக்கும். அப்படி நடந்தால் மொபைல் டேட்டாவைச் சற்று நேரம் அணைத்து வையுங்கள். செயலி முகவரி கேட்டால், பெரும்பாலான வைஃபை ரீடர்களுக்கு 192.168.0.10 என்ற முகவரியும் 35000 என்ற போர்ட் எண்ணும் பொருந்தும்.

பெட்டியில் இஎல்எம்327 என்று எழுதியிருக்கிறது. விலை மட்டும் கடைக்குக் கடை ஏன் இவ்வளவு மாறுகிறது?

இஎல்எம்327 என்பது கனடாவைச் சேர்ந்த எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறிய நிறுவனம் உருவாக்கிய சில்லு. ஒரு சாதாரண மைக்ரோகன்ட்ரோலரில் தங்கள் நிரலை எழுதி விற்றார்கள். முதல் பதிப்பில் அந்த நிரலைப் பிறர் படித்து எடுக்க முடியாதபடி பூட்டு போடாததால், அது அப்படியே நகலெடுக்கப்பட்டு உலகம் முழுவதும் பரவியது. அந்த நிறுவனம் 2022-இல் மூடப்பட்டுவிட்டது. ஆக, இன்று சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை அநேகமாக எல்லாமே நகல்கள்தாம்.

நகல் என்பதாலேயே பயனற்றது என்று சொல்ல மாட்டேன். குறியீட்டைப் படிப்பதற்கும், நேரடி மதிப்புகளைப் பார்ப்பதற்கும் நல்ல நகல் ஒன்று போதுமானது. சிக்கல் என்னவென்றால், நகல்களுக்குள்ளேயே தரம் மிகவும் மாறுபடுகிறது. பதிப்பு 1.5 என்று சொல்லிக்கொள்ளும் ரீடர்கள் ஏராளம். எல்ம் நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. ஆனாலும் அவற்றில் பல ஒழுங்காக வேலை செய்கின்றன. 2.1 என்று சொல்லிக்கொள்ளும் மிக மலிவான நகல்கள் சிலவற்றில் பல கட்டளைகளே இருக்காது. புதிய கார்களின் கணினிகள் பேசிக்கொள்ளும் கேன் முறையில் தட்டுத்தடுமாறி வேலை செய்யும், கே-லைன் என்ற பழைய தொடர்பு முறை உள்ள கார்களில் ஊமையாகிவிடும். எண் பெரிதாக இருப்பதால் புதியது, மேலானது என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்குவதே என் பரிந்துரை.

இன்னொரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். இதே இணைப்பில் செருகினால் மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்கப்படும் பச்சை, மஞ்சள் நிறப் பெட்டிகள் இந்த வகை ரீடர்கள் அல்ல. அவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே மினுக்கும் விளக்குகளையும் அவற்றை எரிய வைக்கும் சில்லையும் தவிர வேறெதையும் காணவில்லை. அவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ரீடரின் விளக்கு எரிகிறது, ஆனால் செயலி “இணைக்க முடியவில்லை” என்கிறது. என்ன செய்வது?

ரீடரின் விளக்கு எரிவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இணைப்பின் பதினாறாம் முனையில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும். சாவி போடாமலேயே விளக்கு எரியும். ஈசியூ பதில் சொல்ல வேண்டுமென்றால் இக்னிஷன் ஆன் நிலையில் இருக்க வேண்டும். புஷ் பட்டன் கார்களில் பிரேக்கையும் கிளட்சையும் மிதிக்காமல் பட்டனை அழுத்தி, டேஷ்போர்டு விளக்குகள் முழுவதும் வரும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

அடுத்து, கைபேசிக்கும் ரீடருக்கும் இடையிலான இணைப்பைப் பாருங்கள். சாதாரண ப்ளூடூத் ரீடரை முதலில் கைபேசியின் அமைப்புகளில் சேர்த்து, 1234 அல்லது 0000 என்ற கடவு எண்ணைக் கொடுத்து, அதன் பிறகே செயலிக்குள் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். பிஎல்இ ரீடருக்கு முறை நேர் எதிரானது: கைபேசி அமைப்புகளில் சேர்க்காமல் செயலிக்குள்ளேயே தேட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் நல்ல ரீடரைக் கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

விளக்கே எரியவில்லை என்றால் ஃப்யூஸைப் பாருங்கள். பல கார்களில் இந்த இணைப்புக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் ஒரே ஃப்யூஸ்தான். மலிவான சார்ஜர் ஒன்று அந்த ஃப்யூஸை எப்போதோ பொசுக்கியிருக்கலாம்.

கார் ரீடர் செயலிக்கு என் இருப்பிடம் எதற்கு?

ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரையிலான பதிப்புகளில், அருகிலுள்ள ப்ளூடூத் கருவிகளைத் தேடுவதற்கே இருப்பிட அனுமதி தேவைப்பட்டது. 12-ஆம் பதிப்பிலிருந்து ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற தனி அனுமதி வந்துவிட்டது. அதனால் பழைய கைபேசியில் இருப்பிடம் கேட்பது இயல்பே. தொடர்புப் பட்டியலையோ குறுஞ்செய்திகளையோ கேட்கும் செயலியை நீக்கிவிடுங்கள். குறியீடு படிக்க அவை தேவையில்லை.

பி0171, பி0420 என்றெல்லாம் வருகிறதே, இவற்றை எப்படிப் படிப்பது?

முதலில் வருவது ஓர் ஆங்கில எழுத்து. என்ஜினும் கியரும் சேர்ந்த பவர்டிரெயின், காரின் உடல் பகுதி, சேசிஸ், கணினிகளுக்கு இடையிலான தொடர்பு என்ற நான்கு வகைகளை அது குறிக்கிறது. இங்கே ‘பி’ என்று எழுதியிருப்பவை எல்லாம் பவர்டிரெயின் வகையைச் சேர்ந்தவை. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு, 1 என்றால் அந்த நிறுவனத்துக்கே உரியது. மூன்றாவது இடம் பகுதியைச் சொல்லும்: 1, 2 என்றால் காற்றும் எரிபொருளும், 3 என்றால் தீப்பொறியும் மிஸ்ஃபயரும் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது), 4 என்றால் புகைக் கட்டுப்பாடு, 7 என்றால் கியர்பாக்ஸ். கடைசி இரண்டு இலக்கங்கள் குறிப்பான பழுதைக் குறிக்கும். பி0301 முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், பி0302 இரண்டாவதில், பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் நிற்காமல் மாறிமாறி வரும் மிஸ்ஃபயர்.

நிறுவனத்துக்கே உரிய குறியீடுகளுக்குச் செயலி தரும் விளக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே எண் இரண்டு நிறுவனங்களில் இரண்டு வெவ்வேறு பழுதுகளைக் குறிக்கலாம். செயலியில் உங்கள் காரின் நிறுவனத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகே அதைப் படியுங்கள்.

குறியீட்டில் ஒரு சென்சாரின் பெயர் வந்தால், அந்தச் சென்சாரை மாற்றிவிடலாமா?

கூடாது. ரீடர் வாங்குபவர்கள் அதிகம் பணம் இழப்பது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

குறியீடு என்பது ஈசியூ கவனித்த அறிகுறி. எந்தப் பாகம் கெட்டது என்பதை ஈசியூவால் பெரும்பாலும் சொல்ல முடியாது. பி0171-ஐ எடுத்துக்கொள்வோம். ‘கலவையில் எரிபொருள் குறைவு’ என்பது இதன் பொருள். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் சொன்ன தகவலை வைத்துத்தான் ஈசியூ இந்த முடிவுக்கு வருகிறது. அதனால் பலர் உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறார்கள். ஆனால் காற்று அதிகமாகியிருக்கிறது என்று அந்தச் சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கக்கூடும்.

இங்கே ரீடரின் நேரடி மதிப்புகள் உதவுகின்றன. செயலியில் ‘லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம்’ என்ற மதிப்பைத் திறந்து வையுங்கள். ஈசியூ வழக்கமான அளவைவிட எவ்வளவு சதவீதம் எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதை இது காட்டும். பத்துக்குள் கூடுவதும் குறைவதும் கவலைப்பட வேண்டியதில்லை. எம்ஏஎஃப் சென்சார் மூலம் காற்றை நேரடியாக அளக்கும் ஒரு காரில், ஐட்லிங்கில் இந்த மதிப்பு +20 என்று இருந்து, ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தினால் +3-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அளக்கப்படாத காற்று எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது என்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். வெடித்த வேக்குவம் குழாய், தளர்ந்த கிளாம்ப், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஆகியவற்றைத் தேட வேண்டும். ஐட்லிங்கில் அந்தக் கசிவு மொத்தக் காற்றில் பெரும் பங்கு, வேகம் கூடும்போது அது சிறு பங்காகிவிடுவதால் மதிப்பு இறங்குகிறது. இதற்கு நேர்மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து மேடு ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் மட்டும் மதிப்பு உயர்ந்தால், எரிபொருள் பம்ப்பின் அழுத்தம் குறைவு, ஃபில்டர் அடைப்பு அல்லது அழுக்கேறிய எம்ஏஎஃப் சென்சார் என்று சந்தேகிக்கலாம். குறியீடு இரண்டுக்கும் ஒன்றே; வேலை வேறு, செலவும் வேறு. (காற்றை நேரடியாக அளக்காமல், இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சார் மட்டும் உள்ள சிறிய கார்களில் வேக்குவம் கசிவு இப்படித் தெரியாது; பெரும்பாலும் ஐட்லிங் வேகம் கூடிப்போவதாக வெளிப்படும்.)

பி0420 இன்னும் செலவு வைக்கும் குறியீடு. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்பது இதன் பொருள். விலையுயர்ந்த அந்தப் பாகத்தை மாற்றும் முன், என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஒரே வேகத்தில் ஓடும்போது முன், பின் ஆக்சிஜன் சென்சார்களின் வோல்ட்டேஜைச் செயலியில் அருகருகே பாருங்கள். சாதாரண வகைச் சென்சார் உள்ள காரில் முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். பின் சென்சார் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்க வேண்டும். பின் சென்சாரும் முன் சென்சாரைப் போலவே குதித்தால் கன்வர்ட்டரின் மேல் சந்தேகம் வலுக்கிறது. அப்போதும் சைலன்சர் குழாயில் கசிவு இருக்கிறதா, மிஸ்ஃபயர் குறியீடு ஏதும் கூடவே இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் செலவழிக்க வேண்டாம். மிஸ்ஃபயரைச் சரிசெய்யாமல் புதிய கன்வர்ட்டர் போட்டால் அதுவும் கெட்டுப்போகும்.

நம் ஊரில் அடிக்கடி வரக்கூடிய இன்னொன்று பி0128. குளிர்நீர் போதிய வெப்பநிலையை எட்டவில்லை என்கிறது இந்தக் குறியீடு. ‘இந்த வெயிலில் என்ஜின் சூடாகவில்லையா’ என்று வியக்கத் தோன்றும். எப்போதோ ஒருமுறை என்ஜின் சூடேறியதற்கு மருந்தாக, குளிர்நீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் நம் ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. வால்வு இல்லாத என்ஜின் நெடுஞ்சாலையில் போதிய சூட்டை எட்டாமலேயே ஓடும், ஈசியூ குளிர்ந்த என்ஜினுக்கான எரிபொருளைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், மைலேஜ் குறையும். முன்பு சொன்ன 01 05 மதிப்பை இருபது நிமிட ஓட்டத்துக்குப் பின் பக்கத்து இருக்கையில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அறுபதுகளிலேயே நின்றால், வெப்பநிலைச் சென்சாரை மாற்றுவதற்கு முன் வால்வு இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விளக்கு நிலையாக எரிவதற்கும் சிமிட்டுவதற்கும் வேறுபாடு உண்டா?

மிகப் பெரிய வேறுபாடு உண்டு. சிமிட்டினால் கடுமையான மிஸ்ஃபயர் நடக்கிறது, எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அதை அளவுக்கு மீறிச் சூடாக்குகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். ரீடரை அதன்பின் எடுக்கலாம். ஆயில் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கோ, வெப்பநிலைக்கான சிவப்பு விளக்கோ எரிந்தால் ரீடரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. என்ஜினை அணைக்க வேண்டும்.

குறியீட்டை அழித்தால் பிரச்சினை தீருமா?

விளக்கு அணையும், பழுது அப்படியே இருக்கும். பெரும்பாலான குறியீடுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் பழுது தெரிந்த பிறகே விளக்கை எரிய வைக்கின்றன. அதனால் அழித்த மறுநாள் விளக்கு வராததைப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்துவிடுகிறோம்.

அழிப்பதால் ஏற்படும் உண்மையான இழப்பு வேறு. குறியீடு பதிவாகும் கணத்தில் என்ஜினின் வேகம், சுமை, குளிர்நீர் வெப்பநிலை, காரின் வேகம், எரிபொருள் திருத்தம் ஆகியவற்றை ஈசியூ ஒரு படம் பிடித்தாற்போலச் சேமித்து வைக்கிறது. செயலிகளில் இதை ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்பார்கள். குளிர்ந்த என்ஜினில் வந்த மிஸ்ஃபயரா, நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்ததா என்பதை இந்த ஒரு பக்கம் சொல்லிவிடும். அழிக்கும் கட்டளை குறியீட்டோடு இதையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. எப்போதோ ஒருமுறை தலைகாட்டும் பழுதைத் தேடும் மெக்கானிக்குக்கு இதைவிட நல்ல துப்பு கிடைக்காது. ஆகவே அழிக்கும் பொத்தானைத் தொடும் முன் குறியீடுகளையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பழுது சரிசெய்யப்படும் வரை அழிக்காமல் விடுவது இன்னும் நல்லது. பழுது உண்மையிலேயே நீங்கிவிட்டால், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் மீண்டும் தென்படாதபோது விளக்கு தானாகவே அணைந்துவிடும். சுமார் 40 முறை என்ஜின் சூடாகி ஆறிய பின் குறியீடும் நீங்கிவிடும்.

‘பெண்டிங்’ என்று தனியாக ஒரு பட்டியல் வருகிறதே?

ஒருமுறை தெரிந்து, இரண்டாம் முறை உறுதியாவதற்குக் காத்திருக்கும் குறியீடுகள் அவை. விளக்கு எரியும் முன்பே இவற்றைப் பார்த்துவிட முடிவது ரீடர் வைத்திருப்பதன் நல்ல பலன்களில் ஒன்று. பழுது பார்த்த பின் ஒரு வாரம் கழித்து இந்தப் பட்டியல் காலியாக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் வாங்கும்போது இது உதவுமா?

உதவும், ரீடருக்குக் கொடுத்த விலையை அந்த ஒரே நாளில் திரும்ப எடுத்துவிடலாம். ‘குறியீடு ஏதும் இல்லை’ என்று வருவதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். காரைக் காட்டும் முன் விற்பவர் அழித்திருக்கலாம். இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ‘ரெடினெஸ்’ பக்கம். கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், ஈஜிஆர் (புகையின் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பு) போன்ற பகுதிகளுக்கான சோதனைகளை ஈசியூ ஓட்டத்தின்போது தானாக நடத்தி, முடிந்ததும் ‘தயார்’ என்று குறித்துக்கொள்ளும். அழித்தவுடன் இவை எல்லாம் ‘முடியவில்லை’ என்ற நிலைக்குத் திரும்பிவிடும். தினமும் ஓடும் கார் என்று சொல்லப்படும் காரில் பல சோதனைகள் முடியாமல் கிடந்தால் காரணம் கேளுங்கள்.

இரண்டாவது, குறியீடுகளை அழித்தபின் ஓடிய தூரம். இதற்கென்று தனி மதிப்பே இருக்கிறது. பல கார்கள் இதைத் தருகின்றன. ஓடோமீட்டர் 62,000 கிலோமீட்டர் காட்டும் காரில் இந்த மதிப்பு 9 கிலோமீட்டர் என்றிருந்தால், நேற்றோ இன்றோ யாரோ துடைத்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றினாலும் பல கார்களில் இந்த மதிப்பு சுழியத்துக்குப் போய்விடும். புதிய பேட்டரி போட்டோம் என்பது உண்மையான விடையாகவும் இருக்கலாம். பேட்டரியின் மேல் உள்ள தேதியைப் பாருங்கள். விடை திருப்தி தராவிட்டால், சில நாள் ஓட்டியபின் மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லிப் பணத்தை நிறுத்தி வையுங்கள்.

ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளையும் இதில் பார்க்க முடியுமா?

பொதுவாக முடியாது. ஓபிடி 2 தரம் புகைக் கட்டுப்பாட்டுக்காகப் பிறந்தது. எல்லா நிறுவனங்களும் திறந்து காட்டியே ஆக வேண்டியது அதோடு தொடர்புள்ள தகவல்களை மட்டுமே. குறிப்பிட்ட நிறுவனத்துக்கென்று எழுதப்பட்ட செயலிகள் சில, நல்ல ரீடரோடு சேர்ந்து மற்றக் கணினிகளையும் படிக்கும். ஃபோர்டு கார்களுக்கான ஃபோர்ஸ்கேன் அதற்கு ஓர் உதாரணம்.

படிப்பது வரை சரி. அந்தச் செயலிகளில் அமைப்புகளை மாற்றி எழுதும் வசதியும் இருக்கும். மலிவு நகல் ரீடரை வைத்து எதையும் எழுத வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். எழுதும் நடுவில் இணைப்பு அறுந்தால் அந்தக் கணினி செயலிழந்து போகக்கூடும். ஏர்பேக் தொடர்பான எதையும் வீட்டில் தொடவே கூடாது.

பிஎஸ் 6 டீசல் காரில் டிபிஎஃப் அடைப்பு என்று வருகிறது. ரீடரால் சுத்தம் செய்ய முடியுமா?

பி2463 என்று வந்தால் டிபிஎஃப் எனப்படும் புகைக்கரி வடிகட்டியில் கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது என்று பொருள். பக்கத்துத் தெருவுக்குப் போய்வரும் குறுகிய ஓட்டங்களில் வடிகட்டி தன்னைச் சுட்டுச் சுத்தம் செய்துகொள்ளத் தேவையான சூடு வருவதில்லை. விளக்கு எரியத் தொடங்கிய நிலையிலேயே, காரின் கையேட்டில் சொல்லியபடி நெடுஞ்சாலையில் நிலையான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் தானாகச் சரியாகும். கட்டாயமாகச் சுத்தம் செய்ய வைக்கும் கட்டளை பொதுவான ஓபிடி செயலிகளில் இருக்காது; அதற்கு ஒர்க்‌ஷாப் ஸ்கேனர் வேண்டும். குறியீட்டை மட்டும் அழித்து அழித்து ஓட்டினால் வடிகட்டி மேலும் அடைத்து, கடைசியில் கழற்றியே ஆக வேண்டிய நிலை வரும்.

வெளியில் கேஸ் கிட் பொருத்திய கார் என்றால்?

சீராக்கப்படாத கிட் பி0171 போன்ற கலவைக் குறியீடுகளை வரவழைக்கும். பெட்ரோலிலேயே சில நாள் ஓட்டி, ஃப்யூயல் டிரிம் இயல்புக்கு வருகிறதா என்று முதலில் பாருங்கள். கிட்டுக்கு வேறொரு ஈசியூ இருந்தால் அதன் குறியீடுகள் இந்த ரீடரில் தெரியாது.

ரீடரை எப்போதும் செருகியே வைத்திருக்கலாமா?

வேண்டாம். பல மலிவு ரீடர்கள் கார் நிற்கும்போதும் 40 மில்லிஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கின்றன. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஓர் ஆம்பியர்-மணி. இரண்டு வாரம் ஊருக்குப் போய்வந்தால், சிறிய கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஐந்தில் இரண்டு பங்கு போயிருக்கும். ஏற்கெனவே வயதான பேட்டரி என்றால் கார் கிளம்பாது.

பாதுகாப்புக் காரணமும் உண்டு. எல்லாருக்கும் தெரிந்த 1234 என்ற கடவு எண்ணோ, கடவுச்சொல்லே இல்லாத வைஃபையோதான் இவற்றின் பூட்டு. 2015-இல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பீட்டுக்காக இதே இணைப்பில் செருகப்படும் ஒரு கருவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, ஒரு கார்வெட் காரின் வைப்பரையும் பிரேக்கையும் இயக்கிக் காட்டினார்கள். அது சிம் கார்டு உள்ள கருவி, நம் ரீடரின் வீச்சு சில மீட்டர்களே. ஆனாலும் காரின் உள் வலையமைப்புக்குத் திறந்த கதவு ஒன்றை இரவும் பகலும் விட்டுவைக்கத் தேவையில்லை. தவிர, முழங்காலில் இடித்து இணைப்பின் முனைகள் வளைவதும், தளர்ந்த ரீடர் பெடல்களுக்கிடையே விழுவதும் உண்மையான ஆபத்துகள். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் பார்த்தபின் மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

“ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள்” என்று சொன்னால், அவர் மாற்றிக் கொடுப்பார். விளக்கு மீண்டும் வந்தால் அந்தச் செலவு உங்களுடையது. “பி0171 வந்திருக்கிறது, அப்போது என்ஜின் சூடாக இருந்தது, ஐட்லிங்கில் டிரிம் இருபது, 2500-இல் மூன்று, குறியீட்டை நான் அழிக்கவில்லை” என்று சொல்லி ஸ்கிரீன்ஷாட்டுகளைக் காட்டுங்கள். நல்ல மெக்கானிக் இதைத் தன் வேலையில் தலையிடுவதாக நினைக்க மாட்டார். சோதனையை எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். எந்தப் பாகத்தை மாற்றப் போகிறார், எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது அவர் முன்னிலையிலேயே ரீடரைச் செருகி, அதே டிரிம் மதிப்பு பத்துக்குள் வந்திருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். வந்திருந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பெண்டிங் பட்டியலை மட்டும் இன்னொரு முறை பார்த்தால் போதும்.